காப்புரிமை, பதிப்புரிமை, புலமைச் சொத்து: எது எதற்கு?

கேள்வி: வீட்டில் கருவாடும் மிளகாய்த்தூளும் பொதி செய்து விற்கிறோம். பெயரை வேறு யாரும் போடாமல் இருக்க, அச்சகத்தார் "பதிப்புரிமை எடுங்கோ" என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சாள் "காப்புரிமை" என்கிறா. கொழும்பில் உள்ள அலுவலகமோ புலமைச் சொத்து அலுவலகம். எந்தச் சொல் சரி?
– வாசகி, நிலாவெளி

பதில்: உங்களுக்கு வேண்டியது வர்த்தகக் குறி, அதாவது உங்கள் பொருளை மற்றவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயருக்கோ சின்னத்துக்கோ உள்ள உரிமை. அச்சகத்தாரும் மச்சாளும் சொன்னவை வேறு உரிமைகள். புலமைச் சொத்து என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.

குழப்பத்தின் வேர் 'காப்புரிமை'. தமிழ்நாட்டுப் புத்தகங்களின் உள்பக்கத்தில் "காப்புரிமை: ஆசிரியருக்கு" என்றிருக்கும்; அங்கே அது பதிப்புரிமை, அதாவது எழுத்து, படம் போன்ற படைப்புக்கான உரிமை. அமெரிக்காவில் 1995இல் மஞ்சளுக்கு வழங்கி 1997இல் ரத்துச் செய்தார்களே, அதையும் பத்திரிகைகள் காப்புரிமை என்றே எழுதின. அதுவோ பேட்டன்ட், அதாவது புதிய கண்டுபிடிப்புக்கான உரிமை. அந்தச் சொல்லைக் கண்டால், எந்த உரிமை என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் பொதியையே எடுங்கள். லேபலில் உள்ள மீன் படம் வரைந்தவுடனேயே பதிப்புரிமை பெறும், பதியத் தேவையில்லை. வரைந்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். ஆனால் வரைந்தவர் அச்சகத்தார் என்றால் உரிமையை எழுத்தில் வாங்கிவையுங்கள். கருவாடு காயவைக்கப் புதிதாக ஒரு கருவி கண்டுபிடித்தால்தான் பேட்டன்ட். அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பெயருக்கான வர்த்தகக் குறிக்கு 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பெயரைப் பதியும்போது பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள்: கருவாடு 29ஆம் வகுப்பு, மிளகாய்த்தூள் 30ஆம் வகுப்பு. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு மற்றதும் அடங்கும் என்று இருந்துவிடாதீர்கள். 'திருகோணமலைக் கருவாடு' என்ற வெறும் பெயர் மறுக்கப்படும். ஊரையும் பொருளையும் சொல்வது ஒருவருக்குச் சொந்தமாகாது. புனைந்த பெயராகப் பாருங்கள். அதே பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று லேபல் அச்சடிக்க முதலே தேடுங்கள்.

கேள்வி: 'புலமைச் சொத்து', 'அறிவுசார் சொத்துரிமை' – எது நல்ல தமிழ்?
– ஆசிரியர், உவர்மலை

பதில்: இங்கே இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் 'புலமைச் சொத்து' என்பதால் விண்ணப்பத்தில் அதையே எழுதுங்கள். எங்களுக்கு உறுத்துவது 'சொத்து'தான். வளவு என்றால் ஒருவர் குடியிருந்தால் மற்றவருக்கு இடமில்லை; பாட்டை ஆயிரம் பேர் பாடினாலும் குறையாது. பதிப்புரிமை, பேட்டன்ட், வர்த்தகக் குறி மூன்றையும் ஒரே பெயரில் கட்டுவதே குழப்பம் என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வாதிடுகிறார். வகுப்பில் அந்தந்த உரிமையின் பெயரையே சொல்லிக்கொடுங்கள்.