செல், மரபணு, பரிணாமம்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

தேர்வுகள் நெருங்கும் இந்நாட்களில் வந்த கடிதங்களுள் செல்லியல், மரபியல், பரிணாமம் ஆகியவற்றைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் பெரும்பாலான குழப்பங்களின் வேர் ஒன்றே. பாடநூல் வசதிக்காக மூன்று அலகுகளாகப் பிரித்துவைத்திருப்பதை மாணவர்கள் தொடர்பற்ற மூன்று பாடங்களாகவே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். குரோமோசோம்கள் செல்லுக்குள் பிரியும் விதமே பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட விகிதங்களாக வெளிப்படுகிறது. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களான அல்லீல்களின் பங்கு ஓர் இனக்கூட்டத்தில் தலைமுறைதோறும் மாறுவதே பரிணாமம். இந்தத் தொடர்பைக் கண்டவருக்கு மனப்பாடத்தின் சுமை பாதியாகிவிடும் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

தேர்வுக்கு மூன்று வாரங்களே உள்ளன. மூன்று பகுதிகளையும் மீள்பார்வை செய்ய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

கேமீட்டுகளை (விந்தணு, முட்டை) உருவாக்கும் செல்பிரிவான மியாசிஸிலிருந்து தொடங்குங்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இரு நிறக் கம்பளி நூலை எடுத்து, நீளமான ஓர் இணையும் குட்டையான ஓர் இணையுமாக நான்கு குரோமோசோம்களை மேசைமேல் அமையுங்கள்; ஒரு நிறம் தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. அவற்றை இரட்டிக்கச் செய்து, இணைசேர்த்து, துண்டுகளைப் பரிமாறி, இருமுறை பிரித்துக் காட்ட முடிந்தால், இணை அல்லீல்கள் பிரிந்து செல்லும் என்ற மெண்டலின் தனித்துப் பிரிதல் விதியும், ஓர் இணை மற்றோர் இணையைச் சாராமல் பிரியும் என்ற சார்பின்றி ஒதுங்குதல் விதியும் உங்கள் கண்ணெதிரிலேயே நிகழ்ந்துவிடும். 1902, 1903ஆம் ஆண்டுகளில் வால்டர் சட்டனும் தியோடர் போவரியும் தனித்தனியே கண்டுணர்ந்ததும் இதைத்தான். கட்டங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க முடிந்தும் நூலை நகர்த்தத் தெரியாதவர், அப்பகுதியை இன்னும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

முதல் மியாசிஸ் முடிந்த செல்லில் உள்ள டி.என்.ஏ அளவு, இரட்டிக்காத உடற்செல்லில் உள்ள அளவுக்குச் சமம் என்று படித்தேன். அப்படியானால் அதை ஒற்றைமடியம் என்று எப்படிச் சொல்லலாம்?
– இளங்கலை முதலாண்டு மாணவர், திருநெல்வேலி

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதைக் கேட்டவர் மெய்யாகவே யோசித்துப் படித்திருக்கிறார். மடியம் என்பது டி.என்.ஏவின் அளவைக் குறிப்பதன்று. செல்லில் எத்தனை குரோமோசோம் தொகுதிகள் உள்ளன என்பதைக் குறிப்பது. மனித விந்தணுவில் உள்ள டி.என்.ஏவை ஒரு பங்கு என்று கொண்டால், இரட்டிக்காத உடற்செல்லில் இரண்டு பங்கும், இரட்டித்த செல்லில் நான்கு பங்கும், முதல் மியாசிஸ் முடிந்த செல்லில் மீண்டும் இரண்டு பங்கும் இருக்கும். உடற்செல்லில் அந்த இரண்டு பங்கு, தாய்வழித் தொகுதி ஒன்று, தந்தைவழித் தொகுதி ஒன்று என 46 குரோமோசோம்களால் ஆனது. முதல் மியாசிஸ் முடிந்த செல்லிலோ 23 குரோமோசோம்கள்தாம் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் இரு குரோமாட்டிடுகள் (ஒரே குரோமோசோமின் ஒட்டியிருக்கும் நகல்கள்) கொண்டது. ஒரே நூலின் இரு படிகளை வைத்திருப்பவரிடமும் இரு வேறு நூல்களை வைத்திருப்பவரிடமும் காகிதத்தின் எடை ஒன்றாக இருக்கலாம்; நூல்களின் எண்ணிக்கை ஒன்றன்று.

எண்ணும்போது சென்ட்ரோமியர்களை (குரோமாட்டிடுகள் ஒட்டியிருக்கும் இடங்களை) எண்ணுங்கள். உடற்செல் பிரிவான மைட்டாசிஸில், குரோமோசோம்கள் நடுவில் வரிசைப்படும் மெட்டாஃபேஸில் 46 குரோமோசோம்களும் 92 குரோமாட்டிடுகளும் இருக்கும். அடுத்த கட்டமான அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிளவுற்றதும் அந்த 92உம் தனிக் குரோமோசோம்களாகின்றன. முதல் மியாசிஸின் அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிளவுறுவதில்லை; இணையாக இருந்த குரோமோசோம்களே பிரிகின்றன. இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிடுவதால்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இதற்கு மருத்துவ முக்கியத்துவமும் உண்டு. பெண் குழந்தை பிறக்கும் முன்பே அதன் அண்டகத்திலுள்ள முட்டைச் செல்கள் முதல் மியாசிஸின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸில் நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றும் அண்டம் வெளியேறும் காலம் வரை, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இணைசேர்ந்த குரோமோசோம்களைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது. அந்தப் பிடிப்பு காலப்போக்கில் தளர்வது, தாயின் வயது கூடும்போது 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமையும் டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு கூடுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஓங்குபண்பு வலிமையானது என்றால், காலப்போக்கில் ஒடுங்குபண்புகள் எல்லாம் மறைந்துவிட வேண்டாமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஈரோடு

"ஓங்கு" என்ற சொல்லே இங்கு வழிதவறச் செய்கிறது. ஓர் அல்லீல் ஓங்குதன்மை உடையது என்றால், அதன் ஒரு நகல் இருந்தாலே பண்பு வெளிப்படும் என்பது மட்டுமே பொருள். அது நல்லது, வலியது, மிகுதியாகப் பரவியது என்ற பொருள்கள் அதில் இல்லை. நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு அல்லீலால் வருவது, மிக அரிதானது. 'ஓ' இரத்த வகை ஒடுங்குபண்பு. நம் ஊர் இரத்த வங்கிகளில் அன்றாடம் புழங்குவது.

மெண்டலின் சுருங்கிய பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். உருண்டை விதையில், மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்று வேலை செய்கிறது. சுருங்கிய விதையில் அந்த நொதிக்கான மரபணுவுக்குள் ஏறத்தாழ 800 கார இணைகள் நீளமுள்ள ஓர் இடம்பெயரும் டி.என்.ஏ துண்டு நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்திருப்பது 1990ஆம் ஆண்டில் தெரியவந்தது. நொதி இல்லாததால் சர்க்கரை மாவாகாமல் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்த விதை நீரை அதிகம் உறிஞ்சிப் பருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேறித் தோல் சுருங்குகிறது. நல்ல மரபணு ஒன்று மட்டும் இருந்தாலும் விதை உருண்டையாக இருக்கப் போதுமான மாவுச்சத்து உருவாகிவிடுவதால், உருண்டை வடிவம் ஓங்குபண்பாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கலப்பு விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட உருவில் இருக்கின்றன. விதையின் வடிவத்தைப் பார்த்தால் முழு ஓங்குதன்மை, மாவுமணியைப் பார்த்தால் முழுமையற்ற ஓங்குதன்மை, அல்லீல்களோ அவையே. ஓங்குதன்மை என்பது நாம் எந்த நிலையில் நோக்குகிறோம் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஒரு காயில் நான்கு விதைகள் இருந்தால் மூன்று உருண்டையாகவும் ஒன்று சுருங்கியும்தான் இருக்குமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

இல்லை. 3:1 என்பது ஒவ்வொரு விதைக்கும் உரிய வாய்ப்பு. நான்கும் உருண்டையாக அமைந்த காய்களும் இருக்கும். எண்ணிக்கை பெருகும்போதுதான் விகிதம் தெளிவாகும்: மெண்டல் எண்ணிய இரண்டாம் தலைமுறை விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, விகிதம் 2.96:1.

ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் பிணைந்தே செல்லும் என்கிறார்கள். ஆனால் மறுசேர்க்கை 50 சதவீதம் வரை போகலாம் என்றும் உள்ளது. அதற்கு மேல் ஏன் போவதில்லை?
– இளங்கலை மாணவி, தஞ்சாவூர்

இணைக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறும் ஒரு குறுக்கேற்றத்தில் நான்கு குரோமாட்டிடுகளுள் இரண்டு மட்டுமே பங்கேற்கின்றன. எனவே அதிலிருந்து உருவாகும் கேமீட்டுகளில் பாதி பழைய சேர்க்கையிலேயே இருக்கும். தொலைவு மிகும்போது குறுக்கேற்றங்கள் பலவாகி, ஒன்று மாற்றியதை மற்றொன்று மீண்டும் மாற்றிவிடும். சராசரி 50ஐத் தாண்டாது. ஆகவே ஒரே குரோமோசோமின் இரு முனைகளில் உள்ள மரபணுக்கள் தனித்தனிக் குரோமோசோம்களில் இருப்பவைபோலவே நடந்துகொள்ளும்.

பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகி எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. லண்டன் புகையால் அந்துப்பூச்சிகள் கறுத்தன. இவை லாமார்க் சொன்னது சரி என்று காட்டவில்லையா?
– உயிரியல் ஆசிரியர் பயிற்சி மாணவர், மதுரை

வாழ்நாளில் பெற்ற மாற்றங்கள் சந்ததிக்குச் செல்லும் என்பது லாமார்க்கின் கருத்து. உங்கள் இரண்டு வாக்கியங்களிலும் வினைச்சொல்லே தவறு. பாக்டீரியா பழகுவதில்லை, பூச்சி கறுப்பதில்லை. 1952ஆம் ஆண்டில் எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் இருவரும் ஓர் எளிய சோதனையால் இதைக் காட்டினார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியில் ஒற்றி, அதே அமைப்பில் மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். பதித்த எல்லாத் தட்டுகளிலும் அதே இடங்களிலேயே பாக்டீரியாக்கள் பிழைத்தன. மூலத்தட்டில் அந்த இடத்தில் இருந்தவை, மருந்தை ஒருமுறைகூடச் சந்திக்காதபோதே எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தன. சடுதிமாற்றம் முன்பே நிகழ்ந்துவிட்டது. மருந்து அதை உண்டாக்கவில்லை, மற்றவற்றை அழித்து அதைத் தேர்ந்தெடுத்தது. பிளாஸ்மிடுகள் என்னும் சிறு டி.என்.ஏ வளையங்கள் வழியாக எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதும் உண்டு. அதுவும் பழக்கம் அன்று.

அந்துப்பூச்சியின் கதையும் இதுவே. பிஸ்டன் பெட்டுலாரியா என்னும் அந்துப்பூச்சியின் கரிய வடிவம் 1848இல் பதிவானது லண்டனில் அன்று, மான்செஸ்டரில். 1895இல் அந்நகரில் ஏறத்தாழ 98 சதவீதம் கரியவை. புகை படிந்து பாசிக்காளான்கள் அழிந்த மரப்பட்டையில் வெளிர் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதில் பட்டதே இதற்குக் காரணம். 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் காற்றின் மாசு குறையக் குறைய, கரியவை மீண்டும் அரிதாயின. கரிய நிறம் ஓங்குபண்பு என்பதையும், அது பெருகியதும் அருகியதும் ஓங்குதன்மையால் அன்று என்பதையும் ஈரோட்டு மாணவர் கவனிக்க வேண்டும். 2016இல் இந்த நிறத்துக்கான காரணம் கண்டறியப்பட்டபோது, கார்டெக்ஸ் என்னும் மரபணுவுக்குள் நுழைந்த ஓர் இடம்பெயரும் டி.என்.ஏ துண்டே அது என்று தெரிந்தது. மெண்டலின் பட்டாணியைச் சுருக்கியதும் மான்செஸ்டர் பூச்சிக்குக் கரிய நிறம் தந்ததும் ஒரே வகை நிகழ்வு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இத்தகைய துண்டுகளை மக்காச்சோளத்தில் முதலில் கண்ட பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1983இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கதிர் அரிவாள் இரத்தசோகை கொடிய நோய். இயற்கைத் தேர்வு அதை ஏன் இன்னும் நீக்கவில்லை? ஹார்டி–வீன்பெர்க் கணக்கு இதில் எங்கே வருகிறது?
– இளங்கலை மாணவர், கோயம்புத்தூர்

அல்லீல்களின் பங்கிலிருந்து அவை இணையும் வகைகளின் பங்கைத் தரும் ஹார்டி–வீன்பெர்க் கணக்கை முதலில் பார்ப்போம். ஓர் ஒடுங்கு நோய் 2,500 பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்றோரின் பங்கு, ஒடுங்கு அல்லீலின் அலைவெண்ணின் (இனக்கூட்டத்தில் அதன் பங்கின்) வர்க்கம். எனவே அலைவெண் 1/50, அதாவது 0.02. ஓங்கு அல்லீலின் அலைவெண் 0.98. நோயின்றி ஓர் ஒடுங்கு அல்லீலைச் சுமக்கும் கடத்திகளின் பங்கு 2 × 0.98 × 0.02 = 0.0392; ஏறத்தாழ 25 பேரில் ஒருவர். நோயாளி ஒருவருக்கு ஏறக்குறைய நூறு கடத்திகள் உள்ளனர். தேர்வின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. அரிய ஒடுங்கு அல்லீல்கள் நீங்கத் தாமதமாவதற்கு இதுவே முதல் காரணம்.

கதிர் அரிவாள் செல்லில் இன்னொன்றும் உள்ளது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருவதே குறைபாடு. இரு நகல்களும் அப்படி இருந்தால் நோய். ஒரு நகல் மட்டும் உள்ளவருக்கோ ஃபால்சிபாரம் மலேரியாவின் கடுமையிலிருந்து பெரும் பாதுகாப்புக் கிடைக்கிறது. 1954இல் அந்தோணி அலிசன் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா உள்ள நிலத்தில் கடத்தியே மிகத் தகுதியானவர் என்பதால் இரு அல்லீல்களும் நிலைத்துவிடுகின்றன. கோயம்புத்தூரிலிருந்து எழுதும் உங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று: இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் அறிவிக்கப்பட்டது 1952ஆம் ஆண்டில், நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடையே. இன்றும் அம்மக்களுக்கு இது வாழ்க்கைச் சிக்கல். பாடநூல் எடுத்துக்காட்டாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது என்பதற்குச் சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கடலூர்

இரட்டைச் சவ்வு, தனக்கென வட்ட டி.என்.ஏ, பாக்டீரிய வகையைச் சார்ந்த ரைபோசோம், இருந்த ஒன்று பிரிந்தே புதியது உண்டாகும் முறை. மனித மைட்டோகாண்ட்ரியாவில் எஞ்சியிருப்பவை 37 மரபணுக்களே. மூதாதைப் பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன அல்லது உட்கருவுக்குச் சென்றுவிட்டன. லின் மார்குலிஸ் 1967இல் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். சான்றுகளுள் வலிமையானது எது என்று கேட்டால், பாக்டீரியாவோடு செய்யும் டி.என்.ஏ வரிசை ஒப்பீட்டையே சொல்வேன். சவ்வையும் வடிவத்தையும் வேறு விதமாகவும் விளக்கிவிடலாம், வரிசையை அப்படி விளக்க முடியாது.

மனிதக் குரங்குகளுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. இரண்டு குறைந்த முதல் மனிதர் யாருடன் இனப்பெருக்கம் செய்திருப்பார்? இது பரிணாமத்துக்கு எதிரான வாதம் ஆகாதா?
– இளங்கலை இரண்டாமாண்டு மாணவர், திருச்சிராப்பள்ளி

நாம் இன்றைய சிம்பன்சியிடமிருந்து வரவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அதிலிருந்து நம் கிளை பிரிந்தபின் இரு குரோமோசோம்கள் முனையோடு முனை இணைந்தன. நம் 2ஆம் குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய டீலோமியர் வரிசைகள் எதிரெதிராக நிற்கின்றன. செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் உண்டு. இந்த இணைவிடம் 1991இல் கண்டறியப்பட்டது.

இணைவு நேர்ந்த முதல் உயிருக்கு 46 அன்று, 47 குரோமோசோம்கள் இருந்திருக்கும். அது மலடாக இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேறு இரு குரோமோசோம்கள் இணைந்து 45 குரோமோசோம்களோடு நலமாக வாழும் மனிதர்கள் இன்றும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில், நம்மிடையே இருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை அறியாமலே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கருச்சிதைவின் வாய்ப்பு கூடுதல். ஆயினும் நலமான குழந்தைகளும் பிறக்கின்றன. மியாசிஸில் இணைந்த குரோமோசோம் ஒருபுறமும் இணையாத இரண்டும் மறுபுறமுமாக மூன்றும் சேர்ந்து வரிசையுற்று, ஒழுங்காகப் பிரிந்தால் சமநிலையுள்ள கேமீட்டுகள் கிடைக்கும். இத்தகைய கடத்திகள் சிறிய கூட்டத்தில் பெருகி, அவர்களுள் இருவர் சேரும்போது, இணைந்த குரோமோசோமை இரட்டையாகப் பெற்ற குழந்தை பிறக்கும். அதற்கு மியாசிஸில் எந்த இடர்ப்பாடும் இராது. ஐயம் இருந்தால், நாமக்கல் மாணவிக்குச் சொன்ன கம்பளி நூலில் இரண்டை முடிச்சிட்டு, மூன்றையும் மேசைமேல் இணைசேர்த்துப் பிரித்துப் பாருங்கள்.