சமைக்க மட்டும் நிற்கும் முழங்கால்

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. இலையுதிர் காலம் தொடங்கினால் வார இறுதியில் எங்கே போவது என்பதே தலையிடி. போன வருடம் நன்றியறிதல் விடுமுறைக்குப் பூசணித் தோட்டம் ஒன்றுக்குப் போய், நுழைவுச்சீட்டு, சாப்பாடு, பூசணி என்று 180 டொலர் முடிந்தது. வரிசையில் நின்றதுதான் மிச்சம். மாமிக்கு 71 வயது, முழங்கால் வலி. அதனால் அவ வீட்டில் நின்று சமைத்து வைப்பா, வந்ததும் சூடாகச் சாப்பிடலாம். கேட்டாலும் வரமாட்டா. பிள்ளைகள் கைபேசியை வைத்துவிட்டு வெளியே வரக்கூடிய, செலவு குறைந்த இடங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா?
- ஒரு வாசகி, ஸ்காபுரோ

பதில்: இடங்களுக்குப் பஞ்சமில்லை, சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை இன்னொரு தரம் வாசியுங்கள். "முழங்கால் வலி. அதனால் அவ வீட்டில் நின்று சமைத்து வைப்பா." ஆற்றங்கரை வாங்கில் இருக்க அந்த முழங்கால் விடாதாம். அடுப்படியில் மூன்று மணித்தியாலம் நிற்க மட்டும் விடுமாம். இது என்ன நியாயம் அம்மா?

கேட்டாலும் வரமாட்டா என்கிறீர்கள். எப்படிக் கேட்டீர்கள்? சனிக்கிழமை காலை எல்லோரும் சப்பாத்துப் போட்ட பிறகு, வாசலில் நின்று, "மாமி, நீங்களும் வாறியளோ?" என்றுதானே? அந்த "உம்" ஒன்றே போதும். மானமுள்ள எந்த மனுசியும் "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்றுதான் சொல்லுவார். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பியது உங்கள் வசதிக்காக.

இது உங்கள் தலையில் மட்டும் போடும் குற்றமும் இல்லை. அவர் உங்கள் கணவரின் தாய். வெள்ளிக்கிழமை இரவே மகன் போய், "அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு வெளிக்கிடுறம், சமைக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கேட்பதல்ல, சொல்வது. பெற்ற தாயைக் கூப்பிடும் வேலையை மருமகளிடம் விட்டுவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. இந்தப் பக்கத்தை அவருக்கும் காட்டுங்கள்.

நீங்கள் யோசிக்காத இன்னொன்று. ஐந்து வயதுக் காலும் எழுபத்தொரு வயதுக் காலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். இரண்டு பேருக்கும் மணிக்கொரு தரம் கழிப்பறை வேண்டும், அடிக்கடி இருக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும். மாமியின் முழங்காலுக்கு ஏற்ற இடமாகப் பார்த்தீர்களென்றால் மகளும் வழியில் அழமாட்டாள். காலை பத்துக்குப் போய் ஒன்றரைக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இரண்டாவது இடத்தைச் சேர்க்கும்போதுதான் சண்டை தொடங்கும்.

முதலில் மீன் பார்க்கப் போங்கள். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டும்வரை ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் முட்டையிட ஆறுகளில் ஏறும். உங்களுக்குக் கிட்ட இருப்பது ஹைலண்ட் கிறீக். மோர்னிங்சைட் பூங்காவில் வாகனத்தை விட்டால் தார்ப் பாதையால் ஓடைப் பக்கம் போகலாம். மேற்கே ஹம்பர் ஆற்றில், ஓல்ட் மில் கல்பாலத்துக்குச் சற்று வடக்கே குறுக்கணைகள் இருக்கின்றன. எட்டு, பத்துக் கிலோ மீன் அந்த அணையைத் தாண்டப் பாய்ந்து, விழுந்து, மறுபடி பாயும். கைபேசியைப் பறிக்க வேண்டியிராது, அதுவே பொக்கெற்றுக்குள் போய்விடும்.

போகும் நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். வரண்ட வாரத்தில் ஆற்றில் நீர் குறைந்து மீன் ஏறாது. "ஒன்றுமில்லை" என்று திரும்பி வருபவர்கள் அப்படிப்பட்ட நாளில் போனவர்கள். நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, கலங்கல் தெளியும்போது போங்கள். நேரம் காலை. வெயில் நீரில் பட்டுத் தெறித்தால் மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தால் மாறி மாறிப் போட்டு அடியையும் பார்க்கலாம். பிள்ளைகளை நீருக்குள் இறங்கவோ கல்லெறியவோ விடாதீர்கள். பெண்மீன் வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி செய்து அதில்தான் முட்டை இடுகிறது, மிதித்தால் முட்டை போய்விடும். முட்டையிட்டு முடிந்ததும் இந்த மீன்கள் செத்துவிடும். பருவக் கடைசியில் கரையெல்லாம் நாறும், அதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்தது ஆண். அதை மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், மாமி கண்டுபிடிக்கட்டும். ஊர்ச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியவர் என்றால் அவருக்கு ஐந்து நிமிடம் போதும். இந்த ஏரியில் ஆதியில் இருந்தது அத்திலாந்திக் சமன், அது 19ஆம் நூற்றாண்டின் முடிவோடு இங்கே அற்றுப்போனது. சினூக் பசிபிக் பக்கத்து மீன், 1960களின் கடைசியிலிருந்து ஏரியில் விட்டு வளர்த்தது. வந்தேறி மீன் என்றதும் நம்மவர்கள் உவமை தொடங்குவார்கள். அதை மாமியிடமே விட்டுவிடுங்கள்.

இனி முழங்கால். வைத்தியரிடம் எவ்வளவு நடக்கலாம் என்று கேளுங்கள். தேய்வினால் வரும் வலிக்கு அளவான நடை நல்லது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலை வதைக்கும், ஆகவே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் செங்குத்தான மாஸ்ற் பாதைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள். அதே பூங்காவில், லோறன்ஸ் அவெனியூ கிழக்கு ஏரியில் போய் முடியும் இடத்தில் ரூஜ் கடற்கரை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, சமதரை, ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சதுப்பு நிலம். நனைந்த இலையும் நனைந்த பலகைப் பாதையும் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். மழைக்கு மறுநாள் தார்ப் பாதையை விட்டு இறக்க வேண்டாம், ஊன்றுகோல் இருந்தால் அதன் அடி றப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மடக்குக் கதிரை ஒன்று வாங்குங்கள். முகாமுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் துணிக்கதிரை வேண்டாம். அது தாழ்வு, நடுவில் குழியும், முழங்கால் நோ உள்ளவர் இருந்தால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். இருக்கை நிலத்திலிருந்து 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரமாக, கைப்பிடியோடு இருக்கட்டும். மேலே ஒரு மெத்தைத் துண்டு, காலுக்குக் கம்பளிப் போர்வை. ஒக்டோபர் நடுப்பகுதியில் பகல் வெப்பம் 13, 14 பாகைதான். ஓடுகிற பிள்ளைக்குக் குளிராது, இருக்கிறவருக்குக் குளிரும். தடித்த ஒரு ஜக்கெற்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்குப் போட்டால் கழற்றி மாட்டலாம்.

காரில் முன் இருக்கையை மாமிக்குக் கொடுங்கள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் அவரை இருத்தி, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். நீங்கள் பின்னால் பிள்ளைகளோடு இருந்தால் கிரீடம் ஒன்றும் விழுந்துவிடாது. மகளுக்கு எட்டு வயதுவரை பிள்ளையை உயர்த்தி இருத்தும் பூஸ்ரர் இருக்கை சட்டப்படி வேண்டும். எடை 36 கிலோவையோ உயரம் 145 சென்ரிமீற்றரையோ அதற்கு முன் எட்டினால் தவிர. மகனுக்கு இனி அது சட்டப்படி கட்டாயமில்லை. பின் இருக்கையில் மூன்று பேருக்கு இடம் காணும்.

மாமியால் 200 மீற்றர் கூடச் சிரமமில்லாமல் நடக்க முடியாவிட்டால், வைத்தியரிடம் படிவத்தை நிரப்பி வாங்கி, சேர்விஸ் ஒன்ராறியோவில் இயலாதோர் தரிப்பிட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. அனுமதி ஆளுக்கே தவிர வாகனத்துக்கு அல்ல. அவர் இல்லாத நாளில் நீங்கள் அதைத் தொங்கவிட்டால் தண்டம் கட்ட நேரும். இருந்து இளைப்பாறக்கூடிய நான்கு சில்லு நடைவண்டி நெடுநாள் தேவை என்றால், ஓஹிப் என்னும் மாகாண மருத்துவக் காப்புறுதி உள்ளவருக்கு ஏ.டி.பி. என்னும் ஒன்ராறியோ அரசின் திட்டம் விலையில் 75 வீதம் கொடுக்கும். பதிவுபெற்ற சிகிச்சையாளர் ஒருவர் பரிசோதித்து ஒப்பமிட வேண்டும். இவ்வளவு நாளும் இதைச் செய்யாமல் "முழங்கால் வலி" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

நகரத்துக்குள் மேப்பிள் இலை நிறம் உச்சத்துக்கு வருவது ஒக்டோபர் நடுப்பகுதி. ஓக் அதற்குப் பிந்தும். கதிரையை ஒரு மரத்தடியில் போட்டு அப்பம்மாவை இருத்துங்கள். பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கி அவர் மடியில் கொட்டட்டும், அவர் நிறம் பார்த்துப் பிரிக்கட்டும். காய்ந்த நாளில் பொறுக்கிய இலைதான் பாடம் செய்ய உதவும். ஈர இலை பூஞ்சணம் பிடிக்கும். பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே பாரம் ஏற்றி, இரண்டு நாளில் தாளை மாற்றினால் ஒரு கிழமையில் தட்டையாகக் காய்ந்துவிடும்.

அப்பிள் தோட்டம் போவதென்றால் நன்றியறிதல் விடுமுறையைத் தவிருங்கள், அன்று 401 நெடுஞ்சாலையில் பாதி நாள் போய்விடும். மக்கின்ரோஷ் செப்ரெம்பர் நடுவிலேயே பறிக்கலாம். கீழே இழுத்தால் அடுத்த வருடம் காய்க்கும் மொட்டும் சேர்ந்து முறியும். மேலே தூக்கித் திருகினால் காம்போடு கையில் வரும். அரைப் புசல் பை என்றால் ஏறக்குறைய ஒன்பது, பத்துக் கிலோ. ஐந்து பேருக்கு அதில் பாதியே கூட.

மழையோ கடும் குளிரோ என்றால் அலன் கார்டன்ஸ். 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை, இலவசம், உள்ளே புழுக்கம். வாழை, பனை வகைகள் எல்லாம் இருக்கும். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முதலே பாருங்கள். மாடு, ஆடு, பன்றி பார்க்க ரிவர்டேல் பண்ணை, அதுவும் இலவசம். பொதுப் போக்குவரத்தில் போனால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ரி.ரி.சி.யில் கட்டணம் கிடையாது.

கழிப்பறையை மறக்க வேண்டாம். குழாய் உறையும் என்பதால் குளிர் தொடங்கப் பூங்காக் கழிப்பறைகள் பல மூடப்படும். வெளிக்கிட முன் மாநகரத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் "இனி வெளியே வரமாட்டன்" என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு வழியில் ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ், வடை என்று ஒரு டசின் வாங்குங்கள். தேநீரை உங்கள் கணவர் ஊற்றட்டும். சுடுதண்ணிப் போத்தலில் முதலில் கொதிநீரை விட்டு ஐந்து நிமிடம் வைத்து, அதை ஊற்றிவிட்டுத் தேநீரை விளிம்புவரை நிரப்பினால் மதியம்வரை சூடு நிற்கும்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பிறகு ஐந்து மணிக்கே பொழுது பட்டுவிடும். அதற்குள் எத்தனை சனிக்கிழமை மிச்சம் என்று நாட்காட்டியில் எண்ணுங்கள். வருகிற வெள்ளி இரவு, மாமி அரிசி அளக்கும் முன்னர் உங்கள் கணவர் போய்ச் சொல்லட்டும்.