சோத்துப் பார்சலை எதில கட்டுறது?

கேள்வி: அக்கா, நான் கொக்குவிலில வீட்டில சமைச்சு மத்தியானச் சாப்பாடு டெலிவரிக்குக் குடுக்கிறன், ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு முப்பது பார்சல் போகுது. சோறு சுத்துற பொலித்தீன் தாள், அந்த லஞ்ச் சீட் பாவிக்க மனமில்லை. ஒரு வியாபாரி "பயோ பெட்டி, மண்ணில உக்கிடும்" எண்டு கூட விலைக்குக் கொண்டுவந்து காட்டுறார், இன்னொருத்தர் கமுகம் மட்டையில, அதான் பாக்கு மரத்து மட்டையில, செய்த பெட்டி காட்டுறார். வாழை இலையில கட்டினா கிழியுது, சொதியும் ஒழுகுது. எதை வேண்டுறது?

பதில்: தங்கச்சி, லஞ்ச் சீட்டை விட்டீங்கள் பாருங்கோ, அதுக்கே முதல்ல சந்தோசம். 2017 செப்டெம்பரில இருந்து லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் எண்ட வெள்ளை நுரைப் பெட்டியும் எங்கட இலங்கையில தடை, ஆனா இண்டைக்கும் கேட்டா எடுத்துத் தாற கடையள் இருக்கு, ஆவி பறக்கிற சோத்தை அதில கொட்டிச் சுத்துறதைப் பாக்க எனக்கு வயிறு எரியும். ஒருக்கா கல்லுண்டாய்க் குப்பை மேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கோ, நாங்கள் சாப்பிட்டு எறிஞ்சதெல்லாம் அங்கதான் மலையாக் கிடக்கு.

பயோ பெட்டிக்கு உடன காசு குடுக்காதேங்கோ. ஒரு பெட்டியை மட்டும் வேண்டி இரவு தண்ணியில ஊறப்போட்டு காலமை கிழிச்சுப் பாருங்கோ, உள்பக்கத்தால மெல்லிய தோல் மாதிரி உரிஞ்சு வந்தா அது பிளாஸ்டிக் பூச்சு, கடதாசி உக்கும் அந்தத் தோல் உக்காது. சோளத்தில செய்தது எண்டு சொன்னா அது பெரும்பாலும் பிஎல்ஏ எண்ட தாவரப் பிளாஸ்டிக், அது ஒழுங்கா உக்கிறதுக்கு 60 பாகை அளவு சூடு நிக்கிற உரத் தொழிற்சாலை வேணும், உங்கட வளவுக்க தாட்டா கன காலத்துக்கு அப்பிடியே கிடக்கும்.

கமுகம் மட்டை விசயத்தில நான் மனம் மாறினனான். பசை ஒண்டும் இல்லாம மட்டையைக் கழுவிச் சூட்டில அழுத்தி எடுக்கிறது, பாக்கவும் வடிவு, நானும் ஆக்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தன். ஆனா 2025ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சாப்பாட்டுக்குப் பாவிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது, பாக்கில இருக்கிற அரெக்கோலின் எண்ட நச்சுப் பொருள் மட்டையில இருந்தும் சாப்பாட்டுக்க இறங்கலாமாம். நாளாந்தம் சுடு சோறும் கறியும் அதில வைச்சுச் சனத்துக்குக் குடுக்க எனக்கு மனம் வராது.

அப்ப மிச்சம் வாழை இலைதான், அது கிழியிறது இலையின்ட பிழை இல்லை, வாட்டாமக் கட்டுறதுதான். இலையைக் கழுவித் துடைச்சு, நடுத் தண்டைக் கத்தியால மெல்லிசாச் சீவிப்போட்டு, அடுப்பு நெருப்புக்கு மேல பின்பக்கத்தை ஒருக்கா இழுங்கோ, நிறம் கறுத்து மினுங்கேக்க எடுத்தாக் காணும், பிறகு துணி மாதிரி மடியும். அடியில பெரிய துண்டு, அதுக்கு மேல குறுக்கா சின்னத் துண்டு, சோறு கொஞ்சம் ஆவி போன பிறகு வைச்சு மடிச்சு, வெளியால அச்சடிக்காத பிறவுண் பேப்பர் சுத்தி வாழை நாரால கட்டுங்கோ. பழைய பத்திரிகை வேண்டாம், எண்ணெய் பட்டா அந்த மை சாப்பாட்டில ஒட்டும். சோளகக் காத்துக் காலத்தில இலையெல்லாம் கீலம் கீலமாக் கிழிஞ்சுதான் வரும், திருவிழா நாளில விலையும் ஏறும், அதாலை சந்தையில ஒவ்வொரு நாளும் தேடாம நீர்வேலிப் பக்கம் ஒரு தோட்டக்காரரோட கதைச்சு கிழமைக்கு இவ்வளவு எண்டு பேசி வையுங்கோ.

சொதியை இலையில அனுப்பவே நினையாதேங்கோ. பனையோலையை மடிச்ச பிளாவில கூழ் குடிச்சு வளந்த ஆக்கள்தான் நாங்கள், ஆனா பிளா கையில பிடிச்சு அந்த இடத்திலயே குடிக்கிறதுக்கு, மோட்டச்சைக்கிளில போறதுக்கில்லை. சொதிக்கும் குழம்புக்கும் எவர்சில்வர் மூடிச்சட்டி வேண்டி ஆளுக்கு ஒரு முற்பணம் வைச்சுக்கொள்ளுங்கோ, அடுத்த நாள் பார்சல் குடுக்கேக்க பழைய சட்டி திரும்பி வரவேணும். உங்களிட்ட எடுக்கிறது அநேகமா ஒரே ஆக்கள்தானே, அதாலை இது சரிவரும். நாலைஞ்சு பார்சல் ஒரே ஒபிசுக்குப் போறதெண்டா சொப்பிங் பாக்குக்குப் பதிலா ஒரு பனையோலைப் பெட்டி, பனை அபிவிருத்திச் சபையின்ட கற்பகம் விற்பனை நிலையத்தில கேட்டுப் பாருங்கோ, இல்லாட்டி அயலில பின்னுற அம்மாக்களிட்டச் சொல்லிச் செய்வியுங்கோ, அளவும் உங்களுக்கு ஏத்த மாதிரி வரும், காசும் அவையின்ட கைக்கே போகும்.

கேள்வி: அக்கா, நான் இடியப்பம் எடுக்கிற இடத்தில பிளாஸ்டிக் தட்டிலதான் அவிக்கினம். மாத்தச் சொல்லிக் கேக்கலாமோ?

பதில்: தாராளமாக் கேளுங்கோ தம்பி. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபர் 1இல இருந்து தடைப் பட்டியலில இருக்கு. சண்டைக்குப் போகாம, பனை ஈர்க்குத் தட்டில அவிச்சுத் தந்தா எங்கட வீட்டுக்குக் கிழமைக்கு இத்தினை எடுப்பன் எண்டு சொல்லிப் பாருங்கோ. ஈர்க்குத் தட்டு பூஞ்சணம் பிடிக்குது எண்டு அவை சாட்டுச் சொன்னா, கழுவின உடன அடுக்கி வைக்காம வெயிலில காயப்போடச் சொல்லுங்கோ.