பேட்: ஒலி ஒன்று, வேர் வேறு

ஆங்கிலத்தின் 'பேட்' என்ற சிறிய சொல்லைப் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: கிரிக்கெட் மட்டைக்கும் வௌவாலுக்கும் ஒரே பெயர் ஏன்? வௌவாலின் சிறகு மட்டைபோல விரிவதாலா?

ப: கற்பனை அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை. மட்டைக்கான சொல் பழைய ஆங்கிலத்திலேயே 'தடி' என்ற பொருளில் இருந்தது. அடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் பின்னர் அதனோடு கலந்தது. வௌவாலின் பெயரோ ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'பக்கெ'. 16ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய வடிவத்துக்கு மாறி மட்டையோடு மோதியது. அதற்கும் முன்னால் ஆங்கிலேயர்கள் வௌவாலை ஒருவகை எலியாகவே பெயரிட்டு அழைத்தார்கள். ஜெர்மானியர்களுக்கு இன்றும் அது 'படபடக்கும் எலி'தான்.

கே: கண் இமைப்பதையும் 'பேட்' என்கிறார்களே?

ப: வல்லூறு பழக்குவோரின் வழக்கிலிருந்து வந்தது அது. கையில் கட்டப்பட்ட பறவை பதறிச் சிறகடிப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெய்ட்'. அதற்கும் 'அடி' என்ற அதே பிரெஞ்சு வேர்தான். ஆக, சிறகோடு சொந்தம் கொண்டாடக்கூடியது மட்டைதான், வௌவால் அல்ல!

கே: ராணுவ அதிகாரியின் உதவியாளரை 'பேட்மேன்' என்பது எதனால்?

ப: 1939இல் பிறந்த சித்திரக்கதை நாயகனை மறந்துவிடுங்கள். பிரெஞ்சில் பொதிசேணத்துக்கு 'பா' என்று பெயர். எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' உண்டு. பொதிக்குதிரையையும் அதிகாரியின் மூட்டைமுடிச்சுகளையும் கவனித்தவரே பேட்மேன்.

கே: ஓட்டுநருக்குக் கொடுக்கும் பேட்டாவும் இதிலிருந்து வந்ததா?

ப: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சம்பளத்துக்கு மேல் தரப்பட்ட படிதான் பேட்டா. கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல் போர்த்துகீசியர் வழியாக இப்படி ஆனது என்பது 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் கருத்து. எனக்கும் அது ஏற்புடையதே. முதலில் சோற்றுக்கான பணம்தானே அது. 1766இல் கிளைவ் வங்காளத்தில் இரட்டைப் பேட்டாவை நிறுத்தியதும் ஆங்கிலேய அதிகாரிகள் கூட்டமாகப் பதவி விலகினார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதிசேணச் சொல்லிலிருந்து பிறந்த 'பேட் பணம்' என்ற படியும் ஆங்கிலப் படையில் இருந்ததால், இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு.

கே: பாட்டா செருப்பு?

ப: செக் நாட்டுக் குடும்பப் பெயர், ஐயா. 1894இல் ஸ்லீன் ஊரில் தொடங்கிய நிறுவனம். இந்தக் கூட்டத்தில் சேராது.