கேள்வி – பதில்: சுவரை விட்டுப் பிரியும் ஓட்டம்

கேள்வி: விரிந்துகொண்டே போகும் குழாயில் காற்றோட்டத்தை, கொந்தளிப்பைத் தோராயமாகக் கணிக்கும் கே-எப்சிலான் மாடலை வைத்துக் கணினியில் கணக்கிட்டேன். ஓட்டம் கடைசிவரை சுவரோடு ஒட்டியே போகிறது. சோதனையிலோ, சுவரில் ஒட்டிய நூல்கள் பின்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. தவறு எங்கே?

பதில்: இரண்டு இடங்களில். முதலாவது, மாடல். குழாய் விரிய விரிய வேகம் குறைந்து அழுத்தம் ஏறும். சுவரை ஒட்டிய மெதுவான காற்று அந்த ஏற்றத்தைத் தாங்காமல் நின்று திரும்பும். இந்த நிலையில் கே-எப்சிலான், கொந்தளிப்பால் வரும் தகைவை (காற்று அடுக்குகள் ஒன்றையொன்று இழுக்கும் விசையை) மிகையாகக் கணிக்கும். வெளியே ஓடும் காற்றின் உந்தம் தேவைக்கு மேல் உள்ளே இறங்கி, நிற்க வேண்டிய காற்றைத் தள்ளிக்கொண்டே போகும். மென்டர் 1994-ல் வெளியிட்ட கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. என்ற மாடல் இதற்குத்தான் கடிவாளம் போடுகிறது: எல்லைப் படலத்துக்குள் (சுவரை ஒட்டி வேகம் குறைந்திருக்கும் மெல்லிய அடுக்குக்குள்) அந்தத் தகைவு, அடர்த்தியையும் கொந்தளிப்பு ஆற்றலையும் பெருக்கி வருவதில் 0.31 மடங்கைத் தாண்டாது.

இரண்டாவது, அநேகமாக நீங்கள் வைத்திருக்கும் சுவர்ச் சார்பு, அதாவது சுவரோர ஓட்டத்தை நேரடியாகக் கணக்கிடாமல் ஒரு சூத்திரத்தால் நிரப்பும் முறை. அது, சுவரிலிருந்து விலக விலக வேகம் தூரத்தின் மடக்கையை ஒட்டி ஏறும் என்ற மடக்கை விதியை நம்பி எழுதப்பட்டது. பிரியும் புள்ளியில் சுவர் உராய்வே சுழியம். அங்கே அந்த விதி செல்லாது. ஆகவே மெஷ்ஷை (கணக்கிடும் இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை) சுவர்வரை நுணுக்கமாகப் போடுங்கள். காற்று 30 மீ/வி, ஓடிவந்த நீளம் 1 மீ என்றால், ஒய் பிளஸ் (சுவர் உராய்வையும் காற்றின் பாகுநிலையையும் வைத்து, சுவரிலிருந்து உள்ள தூரத்தைச் சொல்லும் அலகில்லாத எண்) 1 என்பது சுவரிலிருந்து சுமார் 0.0125 மி.மீ. செல்லின் மையம் அங்கே விழ, முதல் செல்லின் உயரம் 0.025 மி.மீ. அடுத்தடுத்த செல் 1.2 மடங்கு வளர்ந்தால், ஏறத்தாழ 20 மி.மீ. தடிமனான எல்லைப் படலத்தை மூட 28 அடுக்குகள் வேண்டும், 30 போடுங்கள். ஒய் பிளஸ்ஸைப் பிரியும் இடத்தில் சரிபார்க்காதீர்கள், அங்கே அது எப்படியும் சரிந்துவிடும். அதற்கு முன்னால், ஓட்டம் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் பாருங்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.க்கு மாறினேன். பிரியும் இடம் சரியாக வருகிறது. ஆனால் ஓட்டம் மீண்டும் சுவரில் ஒட்டுவது வெகுதூரம் தள்ளிப்போகிறது.

பதில்: அது உங்கள் பிழையல்ல. நாசாவின் சுவர்மேட்டுச் சோதனையில், மேட்டின் பின்பக்கம் பிரிந்த ஓட்டம், மேட்டின் தொடக்கத்திலிருந்து அதன் நீளத்தில் சுமார் 1.1 மடங்கில் ஒட்டுகிறது, எஸ்.எஸ்.டி. 1.25-ஐயும் தாண்டிக் காட்டும். பிரிந்த ஓட்டத்தின் விளிம்பில் பெரிய சுழல்கள் செய்யும் கலப்பை மாடல் குறைத்து மதிப்பிடுவதே காரணம். 0.31-ஐ மாற்றி விடையைப் பொருத்த வேண்டாம். அடுத்த வடிவத்தில் அது காலை வாரும்.

சுவரோரம் மாடலை வைத்துக்கொண்டு, பிரிந்த இடத்தில் பெரிய சுழல்களையே கணக்கிடும் டி.டி.இ.எஸ். முறைக்குப் போங்கள். அதன் மூல வடிவமான 1997-ன் டி.இ.எஸ்.ஸில், சுவரோரம் மெஷ்ஷை நீளவாக்கில் நுணுக்கினால், எல்லைப் படலத்துக்குள்ளேயே மாடலின் பாகுநிலை குறைந்து, பிரியாத இடத்தில் ஓட்டம் பிரியும். 2006-ல் வந்த டி.டி.இ.எஸ். பெரும்பாலும் இதைத் தடுக்கிறது. அதை முப்பரிமாணத்தில், நேரத்தோடு மாறும் கணக்காக ஓட்டி, தொடக்க நிலையின் சுவடு முற்றிலும் வெளியேறிய பிறகே சராசரி எடுக்கத் தொடங்குங்கள்.