கிறிஸ்து காலத்து யூதர்கள் படகை எப்படிக் கட்டினார்கள்?

இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் 1986-இல் வறட்சியால் நீர் வற்றியபோது சேற்றில் கிடைத்த படகே நல்ல சாட்சி. காலம் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டுக்குள். நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர்.

இன்று முதலில் எலும்புக்கூடு (உட்சட்டங்கள்), பிறகு பலகை என்று கட்டுவோம். அங்கே தலைகீழ்: முதலில் பலகையாலான வெளி ஓடு. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் துளை வெட்டி, கருவாலி (ஓக்) மரக் கழுந்தை, அதாவது இணைப்புத் துண்டை, செருகி, அடுத்த பலகையை அதில் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே கருவாலிச் சட்டங்கள், இரும்பாணி.

பலகை பெரும்பாலும் லெபனான் தேவதாரு. ஆனால் படகு முழுக்கப் பன்னிரண்டு வகை மரம்! ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஏராவின் (படகின் அடிமரம்) ஒரு பகுதிகூடப் பழைய படகிலிருந்து கழற்றியது. மரப் பஞ்சத்தில் உழைத்த மீனவர் படகு இது, சாலொமோன் அரசனின் கப்பல் அல்ல.

ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் கெட்டியாகும் செயற்கை நுரையில் பொதிந்து, மிதக்கவிட்டே கொண்டுபோய், பல ஆண்டுகள் மெழுகுக் கரைசலில் ஊறவைத்தார்கள்.