பழைய டைரி, பழைய கடிதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1850களில் மார்மன் சபை ஊழியர்கள் நம் சென்னைக்கு வந்தார்களாமே, உண்மையா? அவர்கள் எழுதிய டைரிகள் படிக்கக் கிடைக்குமா?
வாசகர், ராயபுரம்

உண்மைதான். மார்மன் சபை அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை, ஊழியர்கள் என்பது மதம் பரப்ப வந்தவர்கள். 1852 ஆகஸ்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சபை மாநாட்டில் இந்தியாவுக்கென்று ஒரு குழுவை நியமித்தார்கள். 1853 ஏப்ரலில் அந்தக் குழு கல்கத்தாவில் இறங்கியது. ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகியோர் அதே ஆண்டு அங்கிருந்து சென்னைக்கு வந்தனர். சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்ததும் அந்த 1852 மாநாட்டில்தான். பிறகு ஊழியர்களுக்கு எங்கே வரவேற்பு இருக்கும்? 1854இலேயே பாலன்டைன் கப்பலேறிவிட்டார். சேர்ந்த ஆள் சொற்பம், எழுதி வைத்தது நிறைய.

சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபை வரலாற்று நூலகமும், யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகமும் ஊழியர்களின் டைரிகள் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஊழியர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடுங்கள். ‘ஜார்ஜ் டவுன்’ என்று தேடிப் பயனில்லை, அந்தப் பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அவர்கள் காலத்தில் ‘பிளாக் டவுன்’.

கேள்வி: ஸ்கேன் கிடைத்துவிட்டது, ஆனால் கையெழுத்து தலையைச் சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, பெரம்பூர்

முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். தேதி, கிழமை, ஊர்ப்பெயர் மட்டும் உள்ள வரிகளை முதலில் படியுங்கள். என்ன சொல் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், அவர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்பது பிடிபடும். அதை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கால ஆங்கிலத்தில் இரட்டை ‘எஸ்’ வந்தால் முதல் எழுத்தை நீட்டி ‘எஃப்’ போல எழுதுவார்கள். ‘இன்ஸ்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம். இதைக் கவனிக்காவிட்டால் தேதி ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். தபால் செலவை மிச்சப்படுத்த, எழுதிய தாளையே பக்கவாட்டில் திருப்பி மேலேயே குறுக்காக எழுதிய கடிதங்களும் உண்டு. படத்தைக் கால் சுற்று திருப்பி, ஒரு திசை வரிகளை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். படித்ததை எழுதி வைக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். ஐயமான சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

இன்னொன்று, டைரி என்று பட்டியலில் இருப்பதெல்லாம் அன்றன்று எழுதியதல்ல. பென்சில் குறிப்பை ஊர் திரும்பிய பின் பேனாவால் நகலெடுத்தவர்கள் உண்டு. பல வாரங்களுக்கு ஒரே மை, ஒரே சீரான கை, அடித்தல் திருத்தலே இல்லை என்றால் நகலாக இருக்கலாம். பின்னால் நடக்கப்போவது முன்கூட்டியே எட்டிப் பார்த்தால் அநேகமாக அதுவேதான்.

ஊழியருக்கு அவர் மனைவி ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளின் காய்ச்சல், விளைச்சல், கடன் எல்லாம் அங்கேதான் இருக்கும். கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும் என்பதால், கேள்விக்குப் பதில் மூன்று கடிதம் தள்ளிக்கூட வரும். எழுதிய தேதி, கைக்கு வந்த தேதி, எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று மூன்று பத்தியில் பட்டியல் போட்டுக்கொண்டால் குழப்பம் தீரும்.

கேள்வி: தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது சில நனைந்தன. லேமினேஷன் செய்யலாமா?
வாசகர், தண்டையார்பேட்டை

கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. கிழிசலில் செல்லோ டேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சள் கறையாக இறங்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காமல் விடுங்கள்.

இனி நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் காயவையுங்கள், தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் ஆகாது, மை வெளுத்துவிடும். அச்சிடாத வெள்ளைத் தாளின் மேல் பரப்பி, ஃபேன் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். கட்டாக நனைந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்காமல் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் குண்டூசியும் ஜெம் கிளிப்பும் சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். முதலில் அவற்றைக் கழற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், ஈரச் சுவரை ஒட்டியும் வேண்டாம். பாச்சை உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. அதற்குப் பதில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள்.